கருப்பட்டி கலர்ல ஒரு சுவரு: வாசகர் கேள்வி, அக்கா பதில்

போன இதழ்ல எங்க வீட்டு ஹால் போட்டோ ஒன்னு போட்டு "கருப்பட்டி கலர் அடிச்சாச்சு"ன்னு ஒரே ஒரு வரி தான் எழுதுனேன், அதுக்கு இவ்ளோ கேள்வி வரும்னு சத்தியமா நெனைக்கல. பாதி பேரு ஆசையா கேட்டிருக்கீங்க, மீதி பேரு "நல்லா தானே இருந்தீங்க, என்ன ஆச்சு"ங்குற தொனியில கேட்டிருக்கீங்க. சரி, இந்த மாசம் பக்கம் முழுக்க பிரவுன் தான், வேற கேள்வி அனுப்புனவங்க அடுத்த மாசம் வரைக்கும் பொறுத்துக்கோங்க.

கேள்வி: அக்கா, நாங்க ஜூரோங் வெஸ்ட்ல நாலு ரூம் வீடு. ஹால்ல டிவி இருக்குற சுவரு மட்டும் நல்ல அடர் பிரவுன் அடிக்கணும்னு ரொம்ப நாளா ஆசை. கடையிலருந்து கலர் கார்டு வாங்கிட்டு வந்து ராத்திரி சுவத்துல வெச்சுப் பாத்தா, கடையில பாத்த கலரே இல்ல, மழையில நனைஞ்ச சேறு மாதிரி இருக்கு. மாமியார் வேற "ஹால இருட்டாக்கிட்டா லட்சுமி எப்படிம்மா உள்ள வருவா"ன்னு கேக்குறாங்க. விட்டுடவா? (ஜூரோங் வெஸ்ட் வாசகி)

பதில்: விடாதீங்க. ஆனா பெயிண்ட் கடைக்கு திரும்பப் போறதுக்கு முன்னாடி தலையைத் தூக்கி உங்க ஹால் லைட்டைப் பாருங்க.

நம்ம சிங்கப்பூர்ல வருஷம் பூரா ஏழு மணி சுமாருக்கு இருட்டிடும், குளிர்காலம் வெயில்காலம்னு பெரிய வித்தியாசமே கெடையாது. வேலைக்குப் போயிட்டு வர்றவங்க வீட்டுச் சுவத்தை நிம்மதியா உக்காந்து பாக்குறதே அதுக்கப்புறம் தான், அதாவது லைட்டு வெளிச்சத்துல. நம்ம ஆளுங்க வீட்டுல பெரும்பாலும் பளீர்னு வெள்ளை லைட்டு தான் இருக்கும், அட்டைப் பெட்டியில டேலைட், 6500 கெல்வின்னு போட்டிருக்கும் பாருங்க, அது. அந்த வெளிச்சத்துல நீலம் தூக்கலா இருக்கும். பிரவுனுக்கு அது ஆகவே ஆகாது. ஏன்னா பிரவுன்னு தனியா ஒரு கலர் வானவில்லுலயே கெடையாது, வெளிச்சம் கொறைஞ்ச ஆரஞ்சு தான் பிரவுன், சில சமயம் வெளிச்சம் கொறைஞ்ச சிவப்போ மஞ்சளோ. அதுக்குள்ள இருக்குற அந்தச் சூடு வெளிய வரணும்னா விழுற வெளிச்சத்துலயும் மஞ்சளும் சிவப்பும் இருக்கணும். வெள்ளை டியூப்ல பாத்தீங்கன்னா சூடெல்லாம் போயி சாம்பல் தான் மிஞ்சும், நீங்க சொல்ற சேறு அது தான்.

அதனால மொதல்ல பல்பு மாத்துங்க. 2700லருந்து 3000 கெல்வின் வரைக்கும் இருக்குற, மஞ்சளா எரியுற வார்ம் லைட்டு, சிஆர்ஐ 90ன்னு போட்டிருந்தா இன்னும் நல்லது, கலரை ஏமாத்தாம காட்டும். பாலஸ்டியர் ரோட்டுல வரிசையா லைட்டு கடை இருக்கே, அங்க போயி ஒரு சாயந்திரம் ஏறி எறங்குனா போதும். நடு சீலிங்ல ஒரே ஒரு பெரிய லைட்டு வெச்சுட்டு அடர் கலர் அடிக்காதீங்க, மூலையெல்லாம் குகையாயிடும், சோபா பக்கத்துல ஒன்னு, டிவி கேபினெட் மேல ஒன்னுன்னு ரெண்டு டேபிள் லேம்ப் வெச்சா சுவத்து மேல வெளிச்சம் கீழருந்து ஏறும்போது பாருங்க, வெந்துகிட்டு இருக்குற பாகு மாதிரி ஒரு மினுக்கு வரும்.

இதை நான் புத்திசாலித்தனமா சொல்லல, அடிபட்டுத் தெரிஞ்சுக்கிட்டது. மூணு வருஷத்துக்கு முன்னாடி படிக்கிற ரூமுக்கு கடையில ஒரு கார்டு பாத்து மயங்கி, கடுங்காப்பி கலர்னு நெனச்சு நாலு சுவத்துக்கும் அடிச்சுட்டேன். பெயிண்டர் போனதும் லைட்டைப் போட்டா, ரூமு முழுக்க கத்திரிக்கா. நல்ல பழுத்த நாட்டுக் கத்திரிக்கா! கடைக்காரர் ஏமாத்திட்டாருன்னு எட்டு மாசம் திட்டிட்டே இருந்தேன், அப்புறம் ஒரு நாள் அதே கடைக்குப் போனப்ப தான் கவனிச்சேன், கார்டு மாட்டியிருக்குற ஸ்டாண்டுக்கு மேல மஞ்ச லைட்டு எரியுது, என் ரூம்ல வெள்ளை டியூப். அந்த பிரவுனுக்கு அடியில ஊதா சாயை இருந்திருக்கு, மஞ்ச லைட்டு அதை மறைச்சிருக்கு, என் டியூப் போட்டுக் குடுத்துடுச்சு.

அதனால கார்டை நம்பாதீங்க. சின்ன டின் ஒன்னு வாங்கி, டிராயிங் அட்டையில ரெண்டு கோட் அடிங்க, ஓரத்துல வெள்ளை விடாம முழுசா. வெள்ளை ஓரம் இருந்தா கண்ணு அதோட ஒப்பிட்டுப் பாத்து கலரை இன்னும் கருப்பா காட்டும். ஒன்னு இல்ல, மூணு விதமான பிரவுன் அடிச்சு பக்கத்துல பக்கத்துல வைங்க. தனியா பாக்கும்போது மூணுமே "பிரவுன்" தான், சேத்து வெச்சா தான் ஒன்னு சிவப்பா, ஒன்னு பச்சையா, ஒன்னு ஊதாவா இழுக்குறது தெரியும். நான் சமையல்கட்டை வெச்சு தான் பேரு வெச்சுக்குவேன்: வறுத்த மல்லி மஞ்சளும் பச்சையும் பக்கம் போகும், பழைய புளி ஊதா பக்கம் போகும், கருப்பட்டி சிவப்பு பக்கம் போகும், கோப்பி-ஓ (பால் ஊத்தாத காப்பி) கிட்டத்தட்ட கருப்பு. நம்ம தோல் கலரு, பித்தளை, தங்கம், பட்டு இதெல்லாம் கூட நிக்கிறது சிவப்பு பக்கம் போற பிரவுன் தான், அது என் அபிப்பிராயம், ஊதா பக்கம் போறவங்க போலாம். அட்டையை டிவி பின்னாடி, சோபா பக்கத்துல, ஜன்னல் ஓரத்துலன்னு மாத்தி மாத்தி வெச்சு காலையில, சாயந்திரம், ராத்திரி எட்டு மணின்னு மூணு வேளையும் பாருங்க. எட்டு மணிக்கு புடிச்சா தான் வாங்கணும்.

இப்ப மாமியார் விஷயம். அவங்க சொல்றது முழுசா தப்பில்ல, அடர் கலர் வெளிச்சத்தை முழுங்கத் தான் செய்யும். பெயிண்ட் கம்பெனிங்க எல்ஆர்வின்னு ஒரு நம்பர் குடுப்பாங்க, சுவரு எவ்ளோ வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புதுன்னு சொல்ற கணக்கு, 0 முழுக் கருப்பு, 100 முழு வெள்ளை. சாதாரண வெள்ளை 80க்கு மேல இருக்கும், கருப்பட்டி மாதிரி அடர் பிரவுன் 10க்கு கீழ. அதனால எந்தச் சுவருன்னு பாத்துத் தான் அடிக்கணும். ஜன்னல் இருக்குற சுவத்துல அடிக்காதீங்க, ஜன்னல் வெளிச்சம் கண்ணுல அடிக்கும்போது சுத்தி இருக்குற பிரவுன் வெறும் கருப்பா தான் தெரியும். ஜன்னலுக்கு நேர் எதிர் சுவத்தையும் விட்டுடுங்க, உள்ள வர்ற வெளிச்சத்தைத் திருப்பி ரூமுக்குள்ள அனுப்புறதே அது தான். பக்கச் சுவரு தான் சரி. நம்ம வீவக வீட்டுல, அதாவது அரசாங்க அடுக்குமாடி வீட்டுல, டிவி பெரும்பாலும் அந்தச் சுவத்துல தான் இருக்கும், அதனால நீங்க ஆசைப்பட்ட சுவரு தப்பான சுவரு இல்ல, அணைச்சு வெச்ச டிவி கருப்புப் பெட்டியா துருத்திக்கிட்டு நிக்காம சுவத்தோட ஒட்டிப் போயிடும்ங்குறது கூடுதல் லாபம்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயந்திரம் அந்த அட்டையை சுவத்துல ஒட்டி முன்னாடி குத்துவிளக்கை ஏத்தி வெச்சுட்டு மாமியாரைக் கூப்பிடுங்க. எதுவும் பேசாதீங்க, பாக்கட்டும்.

கேள்வி: பொங்கோல்ல புது பிடிஓ வீடு (வீவக புதுசா கட்டிக் குடுக்குறது), சாவி வாங்கியாச்சு. பெட்ரூம்ல கட்டில் தலைமாட்டு சுவத்துக்கு அடர் பிரவுன் கேட்டேன். பெயிண்டர் மூணு கோட், சில சமயம் நாலு கோட் ஆகும், அதனால தனி சார்ஜுங்குறாரு. வெள்ளை சுவத்துக்கு ரெண்டு கோட் தானே? ஏமாத்துறாரா அக்கா? (பொங்கோல் தம்பி)

பதில்: இல்ல தம்பி, இந்த ஒரு விஷயத்துல அவரு பக்கம் தான் நியாயம். பெயிண்ட்ல அடியில இருக்குறதை மறைக்கிறது டைட்டானியம் டையாக்சைடுங்குற வெள்ளைப் பொடி தான். அடர் கலர் கலக்கணும்னா அந்த வெள்ளை கம்மியா இருக்குற, கிட்டத்தட்ட இல்லாத பேஸ்ல தான் கலக்க முடியும், கடையில டீப் பேஸ்னு சொல்லுவாங்க. மறைக்கிற சரக்கு கம்மி, அதனால மொத கோட் அடிச்சதும் திட்டுத்திட்டா கேவலமா தான் இருக்கும், அதைப் பாத்துட்டு சண்டைக்குப் போயிடாதீங்க. வழி ஒன்னு இருக்கு, அடியில அடிக்கிற சீலரையோ அண்டர்கோட்டையோ வெள்ளையா அடிக்காம சாம்பலா இல்ல இளம் பிரவுனா கலர் ஏத்தி அடிக்கச் சொல்லுங்க, ஒரு கோட் மிச்சமாகும்.

கணக்கும் நீங்களே போட்டுக்கலாம். சுவரு 3.2 மீட்டர் அகலம், 2.6 மீட்டர் உயரம்னு வெச்சுக்குவோம், 8.3 சதுர மீட்டர் வரும். ஒரு லிட்டர் பெயிண்ட் ஒரு கோட்டுக்கு சுமாரா 10 சதுர மீட்டர் ஓடும், அப்ப மூணு கோட்டுக்கு ரெண்டரை லிட்டர், ஒரு லிட்டர் டின் மூணு போதும், 5 லிட்டர் வாங்கச் சொன்னா அப்பக் கேளுங்க கேள்வி. மூணு டின்னையும் பெரிய வாளியில ஒன்னா ஊத்திக் கலக்கிட்டு அடிக்கச் சொல்லுங்க, அடர் கலர்ல டின்னுக்கு டின் ஒரு மயிரிழை வித்தியாசம் இருந்தாலும் சுவத்துல கோடா தெரியும். மிச்சத்தை மூடி எழுதி வெச்சுக்கோங்க, கலர் நம்பரோட.

இன்னொன்னு, புதுச் சுவரு உள்ள ஈரம் இன்னும் இருக்கும், சிமெண்ட்ல இருக்குற உப்பு ஈரத்தோட வெளிய வந்தா வெள்ளையா பூக்கும். வெள்ளை சுவத்துல அது யாருக்கும் தெரியாது, பிரவுன்ல பவுடர் கொட்டுன மாதிரி இருக்கும். அவசரப்படாம காய விட்டு, சிமெண்ட்டோட காரத்தைத் தாங்குற சீலர் ஒரு கோட் அடிச்சுட்டு அப்புறம் கலருக்குப் போங்க. டிசம்பர், ஜனவரில சீனப் புத்தாண்டுக்காக ஊரே பெயிண்ட் அடிக்கும், பெயிண்டர் கெடைக்குறதே கஷ்டம், மழையும் அப்ப தான், முடிஞ்சா அந்த நேரத்தைத் தவிர்த்துடுங்க.

கேள்வி: பிரவுன் கலர் அடிச்சா வீட்டுல சண்டை வரும்னு சொல்றாங்களே, உண்மையா? (செங்காங் வாசகி)

பதில்: எங்க வீட்டுல கலர் முடிவு பண்றப்ப தான் வந்துச்சு. அடிச்சதுக்கப்புறம் எல்லாரும் அமைதியா தான் இருக்கோம்.

கேள்வி: எங்களுது அங் மோ கியோவுல பழைய வீடு. பெட்ரூம்ல பார்க்கே மரத்தரை, ஹால்ல தேக்கு அலமாரி, அப்பா காலத்து ரோஸ்வுட் ஊஞ்சல் பலகை, சோபா கூட தோல் பிரவுன். இதுல சுவரும் பிரவுன்னா பன்னு மேல ரொட்டி வெச்ச மாதிரி ஆயிடாதா? மகன் ரொம்ப ஆசைப்படுறான். (அங் மோ கியோ வாசகர்)

பதில்: ஆயிடும் அண்ணே, சரியா தான் பயப்படுறீங்க. பிரவுன் மேல பிரவுன் வெச்சா ரெண்டுமே தோத்துப் போகும், ரெண்டுக்கும் நடுவுல தெளிவான வித்தியாசம் இருந்தா மட்டும் தான் நிக்கும். செட்டிநாட்டு வீடுங்கள பாருங்க, பர்மா தேக்குத் தூணு எவ்ளோ அடர்த்தியா இருக்கு, ஆனா பின்னாடி சுவரு வெள்ளை வெளேர்னு சுண்ணாம்பு, அதனால தான் தூணு தூணா தெரியுது. உங்க வீட்டுல அந்தத் தூணு வேலையை அலமாரியும் ஊஞ்சலும் ஏற்கனவே பண்ணிட்டு இருக்கு.

அதனால ஹால்ல வேணாம். அலமாரி இல்லாத ஒரு எடத்தை மகனுக்குக் குடுத்துடுங்க, சாப்பாட்டு மேசை இருக்குற மூலையோ, வாசல்ல நுழைஞ்சதும் வர்ற சின்ன நடையோ. சின்ன எடத்துல அடர் கலர் அசிங்கமா இருக்கும்னு எல்லாரும் சொல்லுவாங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல, நடையில யாரும் உக்காந்து படிக்கப் போறதில்ல, ரெண்டு நிமிஷம் கடந்து போற எடம் அது, இருட்டுலருந்து வெளிச்சமான ஹாலுக்குள்ள நுழையும்போது ஹால் இன்னும் பெருசா தெரியும். பார்க்கே தரை மஞ்சளா இழுத்தா சுவரு அதைவிட நல்லா ரெண்டு மூணு படி அடர்த்தியா இருக்கணும், கிட்டத்தட்ட ஒரே அடர்த்தின்னா மேட்ச் பண்ணப் பாத்து தோத்த மாதிரி இருக்கும். நடுவுல ஸ்கர்ட்டிங்கை, அதான் சுவத்தோட அடியில ஓடுற பட்டையை, வெள்ளையா விட்டுடாதீங்க, தரைக்கும் சுவத்துக்கும் நடுவுல நாடா கட்டுன மாதிரி தெரியும், சுவத்துக் கலரையே ஸ்கர்ட்டிங்குக்கும் அடிச்சுடுங்க. சீலிங்குக்கு பளீர் வெள்ளை வேணாம், பால்ல ஒரு சொட்டு டீ விட்ட மாதிரி ஒரு வெள்ளை போதும்.

பிரம்பு நாற்காலி, மண்பானை, வெளுத்த பருத்தித் துணி, கொஞ்சம் பச்சைச் செடி, இதெல்லாம் பிரவுன் முன்னாடி நல்லா எடுக்கும். கருப்பு மட்டும் கம்மியா வைங்க.

கேள்வி: செம்பவாங்ல ரூம் வாடகைக்கு இருக்கேன், ஒரு சுவரு மட்டும் பிரவுன் அடிக்கலாமா? (வாசகர்)

பதில்: வீட்டுக்காரர் எழுத்துல சரின்னு சொன்னா அடிங்க, சொல்லலைன்னா வேணாம். காலி பண்றப்ப பழைய வெள்ளைக்கே மாத்திக் குடுக்கணும், அடர் பிரவுனை வெள்ளையாக்க சீலர் ஒரு கோட், வெள்ளை ரெண்டு மூணு கோட், டெபாசிட்ல பெரிய ஓட்டை விழும். அதுக்கு பதிலா அடர் பிரவுன்ல ஒரு கனமான காட்டன் துணி எடுத்து கட்டில் பின்னாடி ராடு போட்டுத் தொங்க விடுங்க, தேக்கா துணிக்கடையில மீட்டர் கணக்குல வெட்டிக் குடுப்பாங்க. ரூமை விட்டுப் போறப்ப மடிச்சு பெட்டியில வெச்சுக்கலாம்.

கேள்வி: அக்கா, எங்க வீட்டு சாமி மேடைக்குப் பின்னாடி சுவரு வெள்ளை. தினமும் ரெண்டு வேளை எண்ணெய் விளக்கு, அதனால மேல கரி படிஞ்சு வருஷா வருஷம் தீபாவளிக்கு முன்னாடி அந்த ஒரு எடத்துக்கு மட்டும் பெயிண்ட் அடிக்க வேண்டியிருக்கு. பிரவுன் அடிச்சா தெரியாது இல்ல? சாமி சுவத்துக்கு இருட்டுக் கலர் அடிக்கலாமா? (உட்லண்ட்ஸ் வாசகி)

பதில்: எனக்கு இந்த மாசம் ரொம்பப் புடிச்ச கேள்வி இது. தாராளமா அடிங்க. கோயில் கருவறை எப்படி இருக்கும்னு ஒரு நிமிஷம் நெனச்சுப் பாருங்க, இருட்டும் எண்ணெய்ப் பிசுக்கும் ஏறுன கருங்கல்லு, ஒரே ஒரு விளக்கு, அந்த விளக்குல சாமி முகம் மட்டும் தெரியும். வெள்ளை டைல்ஸ் முன்னாடி பித்தளை விளக்கு மங்கலா தான் இருக்கும், கருப்பட்டி கலர் சுவத்துக்கு முன்னாடி அதே விளக்கை வைங்க, நேத்து தான் புளி போட்டுத் தேச்ச மாதிரி மின்னும். மல்லிப்பூச்சரம், மஞ்சள், குங்குமம் எல்லாமே அங்க எடுப்பா தெரியும்.

கலரை எடுக்கும்போது செங்காவி பக்கம் போற பிரவுனா எடுங்க. கோலத்துக்கு ஓரம் கட்டுற காவி இருக்கே, அது இரும்பு ஆக்சைடு தான். பாட்டி வீட்டுல ரெட் ஆக்சைடு தரை இருந்திருக்கும், வழவழன்னு, காலு வெச்சா ஜில்லுன்னு இருக்கும், அதுலயும் அதே சரக்கு தான். மஞ்சக் காவி மண்ணை நெருப்புல சுட்டா உள்ள இருக்குற தண்ணி போயி செங்காவியாகும், அதுல மாங்கனீஸ் கலந்திருந்தா அடர் பிரவுனாகும், ஓவியர்ங்க அம்பர்னு சொல்ற கலர் அது. இந்த மண் கலருக்கெல்லாம் ஒரு நல்ல குணம், வெயில்ல சீக்கிரம் வெளுக்காது. மேற்கு ஜன்னல் இருக்குற வீட்டுக்காரங்க இதைக் கேட்டு வாங்குங்க.

கரி விஷயத்துல ஒரு உண்மையைச் சொல்லிடுறேன், கரி தெரியாதே ஒழிய படியாம இருக்காது. பளபளப்பே இல்லாத மேட் பெயிண்ட்ல எண்ணெய்ப் புகை ஒட்டுனா தொடைக்கத் தொடைக்கப் பரவும், அதனால இந்த எடத்துக்கு மட்டும் கழுவக்கூடிய சாட்டின் மாதிரி லேசான பளபளப்பு இருக்குறதை அடிங்க, வாரம் ஒரு தடவை ஈரத்துணியால ஒத்தி எடுங்க. விளக்கை சுவத்துலருந்து ஒரு சாண் முன்னாடி தள்ளி வைங்க, திரியைச் சின்னதா போடுங்க, பாதி கரி அங்கயே நின்னுடும்.

கேள்வி: பாம் ஷெல்டர் (வீட்டுக்குள்ள இருக்குற பதுங்கு அறை) சுவரு ஹால்ல துருத்திக்கிட்டு அசிங்கமா இருக்கு, அதையும் வாசலுக்கு வெளிய காரிடார் சுவத்தையும் சேத்து பிரவுன் அடிக்கலாமா? (புக்கிட் பாஞ்சாங் வாசகர்)

பதில்: காரிடார் வேணாங்க, அது பொது எடம், டவுன் கவுன்சில் பொறுப்பு. ஷெல்டரோட வெளிச்சுவத்துக்கு அடிக்கலாம், பக்கத்துச் சுவத்தோட ஒரே கலரா இழுத்துட்டா துருத்தல் பாதி மறைஞ்சுடும். கதவுல கைய வைக்கிறதுக்கு முன்னாடி குடிமைத் தற்காப்புப் படையோட விதிமுறையைப் படிச்சுடுங்க, அந்தக் கதவு அலங்காரத்துக்கு வெச்ச கதவு இல்ல.

கேள்வி: தெம்பனிஸ்ல இருந்து எழுதுறேன். அழகா இருக்குன்னு போன வருஷம் அடர் பிரவுன் மேட் அடிச்சோம். இப்ப சோபா ஒரசுன எடமெல்லாம் பளபளன்னு தேய்ஞ்சிருக்கு, பையன் சைக்கிள் இடிச்சு வெள்ளைக் கோடு, சாயந்திரமானா பல்லி வேற. அழகு மட்டும் தான் சொல்றீங்க, இதையும் சொல்லுங்க அக்கா. (தெம்பனிஸ் வாசகி)

பதில்: சொல்றேன், கோவப்படாதீங்க. வெள்ளை சுவத்துல அழுக்கு தெரியும், அடர் சுவத்துல அழுக்கைத் தவிர மத்த எல்லாம் தெரியும். தூசி, நகக் கீறல், துவைச்ச துணி ஒரசுன சுண்ணாம்புக் கோடு, எண்ணெய்க் கை. பல்லி எச்சத்துல நுனியில ஒரு வெள்ளைப் பொட்டு இருக்கும்னு எனக்கு பிரவுன் சுவரு வந்த பிறகு தான் தெரியும், அதுக்கு முன்னாடி நாப்பது வருஷமா கவனிச்சதே இல்ல.

மேட் பெயிண்ட்ல ஒரசுனா பளபளப்பு ஏறும், ஈரத்துணி போட்டு அழுத்தித் தேச்சீங்கன்னா இன்னும் ஏறும், அது தேய்மானம், அழுக்கு இல்ல. இனிமே ஒத்தி மட்டும் எடுங்க. சரி பண்ணணும்னா அந்த எடத்துல மட்டும் டச்சப் பண்ணாதீங்க, அடர் கலர்ல ஒட்டுப் போட்டது அப்படியே தெரியும், மூலைக்கு மூலை அந்தச் சுவத்தை முழுசா ஒரு கோட் அடிக்கணும். இந்தத் தடவை எக்‌ஷெல் மாதிரி லேசான மினுமினுப்புல வாங்குங்க. முழுப் பளபளப்புக்கும் போயிடாதீங்க, நம்ம வீட்டுச் சுவத்துல ஸ்கிம் கோட்டுங்குற மெல்லிசுப் பூச்சைப் போட்ட கை எங்கெங்க ஏறி எறங்குச்சோ அத்தனையும் பளிச்சுன்னு காட்டிக் குடுத்துடும். சோபாவை நாலு விரக்கடை முன்னாடி இழுத்துப் போடுங்க. சைக்கிளுக்கு என்கிட்ட வழி இல்ல, எங்க வீட்டுலயும் ஒன்னு இருக்கு.

கேள்வி: 2025க்கு பான்டோன் மோக்கா மூஸ்னு ஒரு பிரவுனை வருஷத்துக் கலரா சொன்னாங்க, 2026க்கு பெஞ்சமின் மூர் பெயிண்ட் கம்பெனி சிலூவெட்னு எஸ்பிரஸ்ஸோ மாதிரி ஒன்னைச் சொன்னாங்க. இதெல்லாம் ரெண்டு வருஷத்துல பழசாயிடாதா? (கிளமெண்டி வாசகி)

பதில்: ஆகும். பேரு பழசாகும். ரெண்டுமே ஒன்னு இல்லங்குறதையும் கவனிங்க, மோக்கா மூஸ் பால் ஊத்துன கலர், நடுத்தரம் தான், சிலூவெட் கரி கலந்த அடர்த்தி. நம்ம லைட்டுல ரெண்டும் ரெண்டு விதமா நடந்துக்கும், அட்டையில அடிச்சுப் பாருங்க. ட்ரெண்டுங்குறதுக்காக மட்டும் அடிக்கிறதா இருந்தா குஷன் உறை வாங்கிக்கோங்க, மாத்துறது சுலபம்.

கேள்வி: நீங்கள் தமிழ்ப் பத்திரிகையில் எழுதுகிறீர்கள். பிரவுன், காப்பி கலர் என்று ஏன் எழுதுகிறீர்கள்? பழுப்பு என்று அழகான சொல் இருக்கிறதே. (ஓய்வுபெற்ற தமிழாசிரியர், பிடோக்)

பதில்: வணக்கம் ஐயா. திட்டு வாங்கிக்கிறேன், ஆனா ஒரே ஒரு சமாதானம். பழுப்புன்னு சொன்னா எங்க அம்மாவுக்கு பழுத்த இலையும் பழைய நோட்டுப் புத்தகமும் தான் ஞாபகம் வருது, வீட்டுச் சுவரை ஏன்டி பழுப்பாக்குறேன்னு கேட்டாங்க. இலங்கைத் தோழி ஒருத்தி மண்ணிறம்னும் கபில நிறம்னும் சொல்லுவா, கேக்கவே நல்லாயிருக்கும், ஆனா பெயிண்டர்கிட்ட அதைச் சொல்லி நிக்க முடியல. கருப்பட்டின்னு சொன்னப்ப தான் அம்மாவுக்கு டக்குனு புரிஞ்சுது, "ஓ, அதுவா, அது நல்லாயிருக்குமே"ன்னுட்டாங்க.

பெயிண்ட் கடையில ஒரு பொருளைக் குடுத்தா மெஷின்ல வெச்சுப் பாத்து அதே கலரைக் கலக்கிக் குடுப்பாங்கன்னு கேள்விப்பட்டு, வீட்டுலருந்து ஒரு கருப்பட்டித் துண்டை டிஷ்யூவுல சுத்தி எடுத்துட்டுப் போனேன். மெஷினுக்கு சமமான பரப்பு வேணுமாம், கரடுமுரடா இருந்தா படிக்காதாம். கடைக்கார அங்கிள் துண்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தாரு, மூக்குக்குப் பக்கத்துல கொண்டு போயி மோந்து பாத்தாரு, "குலா மலாக்காவா?"ன்னு கேட்டாரு. இது பனை வெல்லம், உங்க குலா மலாக்கா தென்னை வெல்லம்னு சொன்னேன். தலையை ஆட்டிட்டு கார்டு கட்டை விசிறி மாதிரி விரிச்சு, கண்ணைச் சுருக்கி, கடைசியிலருந்து மூணாவது கார்டை உருவி துண்டு பக்கத்துல வெச்சாரு. மெஷின் தேவைப்படல ஐயா. துண்டை அவருக்கே குடுத்துட்டு வந்துட்டேன்.